ஊமைக் கட்டை

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள், உட்கார்ந்த வரிசைப்படி:

மேசையின் தலைப்பக்கம், கைப்பிடி வைத்த நாற்காலியில், மேனேஜரம்மா. அந்த ஒலிப்பதிவு அறையை நடத்துபவர். அவர் முன்னால் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று, ஒட்டாத உறை ஒன்று, ஒரு பேனாக் குவளை. குவளையில் பேனா இரண்டு, பென்சில் மூன்று, நீலநிறச் சட்டைப் பொத்தான் ஒன்று.

அவருக்கு இடப்புறம், ஜன்னலோரத்து முக்காலியில், அவருடைய அண்ணன். இசையமைப்பாளர். தாடி உண்டு.

வலப்புறம், அவ்வளவு பெரிய சோபாவில் இடம் இருந்தும் அதன் கைப்பிடிமேல், அவருடைய கணவர். இவரும் இசையமைப்பாளர். தாடிக்கு முயற்சி நடந்துகொண்டிருந்தது.

சுழல் நாற்காலியில் என் உதவியாளர் குண்டூசி. இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுவிட்டு, வேலையை விட்டபின் அத்தனைக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாள்.

கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில், துப்பறிய வந்த நான்.

ஆக ஐந்து பேர். மேசைக்கு அடியில் ஒயரக்காவும் இருந்தார். இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். ஆனால் அவர் உட்காரவில்லை, குப்புறப் படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு உள்ளங்கால்கள் மட்டுமே. ஆகவே அவரை வரிசையில் சேர்க்கவில்லை.

மேனேஜரம்மா கடிதத்தை என் பக்கம் திருப்பினார். வானொலி நிலையத்துக்கு எழுதியது. விஷயம் இரண்டே வரி. 'தங்கள் காலை ஒலிபரப்பின் தொடக்க இசையாகத் தேர்வான மெட்டை அமைத்தவர்' என்று தொடங்கி, 'என்று உறுதி கூறுகிறோம்' என்று முடிந்தது. நடுவில் ஓர் அங்குல நீளத்துக்கு ஒன்றுமே இல்லை.

"அந்த ஓட்டைதான் சார் என் பிரச்சினை" என்றார். "அஞ்சு மணிக்குள்ள இந்தக் கடிதம் அவங்க கைக்குப் போகணும். போகலைன்னா வேற மெட்டை எடுத்துக்குவாங்க. மூணு வருஷத்துல இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்ல. அந்த இடத்துல அண்ணன் பேரைப் போட்டா, இவர் பெட்டியைக் கட்டுவேங்கறார். இவர் பேரைப் போட்டா, அண்ணன் பெட்டியைக் கட்டுவேங்கறார்."

"ரெண்டு பேரும் கட்டிட்டா?" என்றார் குண்டூசி.

"வீட்டுல இருக்கறது ஒரே பெட்டிம்மா."

"சேர்ந்து போட்டதுன்னு எழுதிடலாமே" என்று நான் கேட்டேன்.

"அதையும் சொல்லிப் பார்த்துட்டேன். யார் பேர் முதல்லன்னு சண்டை."

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஞாயிறன்று புதிதாக ஒரு கீபோர்டு வந்தது. திங்கட்கிழமை காலை அது கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் மேனேஜரம்மா உள்ளே வந்தபோது கம்ப்யூட்டரில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் கணவரும் பக்கத்தில் நின்றார்கள். "யார் போட்டது இது?" என்று கேட்டிருக்கிறார். "நான்தான்" என்று இரண்டு குரல் ஒரே மூச்சில் வந்திருக்கிறது. அன்றே வானொலிக்கு அனுப்பினார். மறுநாளே தேர்வாகிவிட்டது.

"எப்ப போட்டீங்க?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"திங்கட்கிழமை சாயங்காலம், நாலு மணி இருக்கும். தனியா உட்கார்ந்திருந்தேன். தானா வந்துச்சு."

"நீங்க?"

"செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு" என்றார் கணவர். "எனக்கும் அப்படித்தான். தானா வந்துச்சு."

"ரெண்டு பேருக்கும் தானாவே வந்திருக்கு. பாவம், அதை யாருமே கூப்பிடல" என்றார் குண்டூசி.

"அப்ப உங்க மச்சான் பொய் சொல்றாரா?" என்று கணவரைக் கேட்டேன்.

கணவர் சங்கடத்தோடு நெளிந்தார். "சேச்சே. மச்சான் பொய் சொல்றார்னு நான் சொல்ல மாட்டேன். ஏதோ ஞாபகப் பிசகு."

"உங்க மாப்பிள்ளை திருடினாரா?" என்று அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அப்படிப் பெரிய வார்த்தையெல்லாம் வேணாம் சார். மாப்ள தங்கமானவர். கொஞ்சம் குழம்பிட்டார்."

குண்டூசி என் காதருகே நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். "சார், என் குடை தொலைஞ்சப்பவே நான் மூணு தெருவுக்குக் கேக்கற மாதிரி திட்டினேன். மெட்டைப் பறிகொடுத்தவங்க இவ்ளோ மரியாதையா பேசுவாங்களா?"

எனக்கும் அதுதான் உறுத்தியது. குறித்துக்கொண்டேன்.

"மெட்டைக் கேக்கலாமா?" என்றேன்.

"இப்ப முடியாது. ஆதாரம் கலையக் கூடாதுன்னு நேத்தே எல்லா ஒயரையும் பிடுங்கி பீரோவுல பூட்டிட்டேன்" என்றார் மேனேஜரம்மா. "அதான் ஒயரக்காவைக் கூப்பிட்டிருக்கேன்."

"நல்ல காரியம். ஆதாரம் பத்திரமா இருக்கு. யாரும் பார்க்கத்தான் முடியாது" என்றார் குண்டூசி.

பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. பாம்புக்கூடை மாதிரி இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது.

"சதுர மூக்கு ஒயரைக் குடுங்க."

குண்டூசி தேடிக் கொடுத்தார். அதன் தட்டை மூக்கு கம்ப்யூட்டருக்குள் போயிற்று. சதுர மூக்கு மேசைமேல் ஏறி கீபோர்டின் முதுகில் செருகிக்கொண்டது. கீபோர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. குண்டூசி விரலை நீட்டி ஒரு கட்டையை அழுத்தினார். சத்தமில்லை. இன்னும் நாலு கட்டைகளை அழுத்தினார்.

"உயிர் போயிடுச்சு சார்."

"அதெல்லாம் போகலைங்க" என்றது மேசை. "அந்தக் கீபோர்டு சத்தமே போடாது. எந்தக் கட்டையை அழுத்தினீங்க, எவ்ளோ பலமா அழுத்தினீங்க, எப்ப கையை எடுத்தீங்க, இந்தச் சேதியை மட்டும் ஒயர்ல அனுப்பும். சத்தம் போடறது கம்ப்யூட்டரோட வேலை. 'இந்தக் கீபோர்டு சொல்றதைக் கேளு'ன்னு அதுகிட்ட இன்னும் யாரும் சொல்லல."

"அப்படின்னா கம்ப்யூட்டர்ல இருக்கறது பாட்டு இல்ல. பாட்டுக்கு எழுதின கடிதம்" என்றேன்.

"கரெக்ட் சார். அது படிச்சுப் பாடும்."

எனக்கு உற்சாகம் பிறந்தது. குரலை மறைக்கலாம். கடிதத்தில் எழுதியவரின் கை எங்கேயாவது அகப்பட்டே தீரும்.

ஒயரக்கா வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர். முழங்கையில் தூசி. கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்து, அதில் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பீக்கரையும் மாட்டினார். "இப்ப அழுத்துங்க."

குண்டூசி அழுத்தினார். அழுத்தி, விரலை எடுத்து, என்னைப் பார்த்தபின் 'டொண்' என்றது.

"என் புருஷன் மாதிரியே இருக்கு. கூப்பிட்டு முடிச்சு நான் வேற வேலைக்குப் போனப்புறம் 'என்ன?'ங்கும்."

"அதை மாத்தலாம்" என்று ஒயரக்கா ஏதோ ஓர் எண்ணைக் குறைத்தார்.

"எதை? புருஷனையா?"

"தாமதத்தைங்க."

அதன்பின் தொட்டவுடன் ஒலித்தது. வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஒயரக்கா நினைக்கவில்லை. கீபோர்டின் இடக்கோடிக்குப் போய், ஒற்றை விரலால், முதல் கட்டையிலிருந்து தொடங்கினார். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஒன்றையும் விடாமல், கடிகாரம் போல ஒரே சீராக, வலக்கோடி வரைக்கும் அழுத்திக்கொண்டே போனார்.

"எல்லாத்தையும் அடிக்கணுமா?" என்று கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணை விட்டாலும் அந்த ஒண்ணுதான் பின்னாடி வம்பு பண்ணும் சார்."

நான் விரல்விட்டு எண்ணினேன். அறுபத்தொன்று. அறுபத்தொன்றும் பேசின. திருப்தியோடு ஒயரக்கா ஒயர்களைக் கட்டிவைக்க மறுபடி மேசைக்கு அடியில் போனார்.

மேனேஜரம்மா மெட்டை ஓடவிட்டார்.

சின்ன மெட்டுதான். ஒரு நிமிடம்கூட வராது. எளிமையாகத் தொடங்கி, படியேறுவது போல ஏறியது. ஓரிடத்தில் அடுத்த படியில் காலை வைக்கப்போகிறது என்று நாம் நிச்சயமாக நினைக்கும்போது, வைக்காமல் தாண்டிக் குதித்தது. அந்தக் குதிப்பில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சிரித்தது. திரும்பவும் அதே இடம் வந்தது. திரும்பவும் குதிப்பு. சுழன்றுகொண்டிருந்த குண்டூசியின் நாற்காலி நின்றுவிட்டது. பிறகு மெட்டு மேல் ஸ்தாயிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி அடங்கியது.

மேசைக்கு அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம்.

"என்னாச்சு?" என்றார் மேனேஜரம்மா.

"ஒண்ணுமில்ல மேடம். தலை."

நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம்" என்றேன். "ஏறும்போது ஒரு ஸ்வரத்தைத் தாண்டிக் குதிக்குதே, அது ஏன்?"

அண்ணன் தாடியைத் தடவினார். "காந்தாரம். வேணும்னேதான் விட்டேன். அது ஒரு துறவு. கையில இருக்கும்போதே வேணாம்னு சொல்றது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். "அது ஒரு ஏக்கம் சார். வரும் வரும்னு காத்திருக்கோம். வரல. வாழ்க்கையே அதானே?"

"மேல போனதும் அதே காந்தாரம் மூணு தடவை ஜம்முனு வருதே" என்றார் குண்டூசி. "எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்த காதுங்க. மாடிக்குப் போனதும் துறவு கலைஞ்சுடுச்சா? ஏக்கம் தீர்ந்துடுச்சா?"

அண்ணனின் கை தாடியிலிருந்து இறங்கியது. கணவர் கண்ணைத் திறந்தார்.

"பதிவான தேதி, நேரம் கம்ப்யூட்டர்ல இருக்குமே" என்று மேனேஜரம்மா ஞாபகம் வந்தவராகச் சொன்னார். பார்த்தோம். பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி என்று காட்டியது.

"அப்ப மாப்ள பள்ளிக்கூடத்துல இருந்திருப்பார்" என்று அண்ணன் அவசரமாகச் சொன்னார்.

"மச்சான் அப்பவும் அதே வகுப்புலதான் இருந்திருப்பார்" என்றார் கணவர்.

"கடிகார பேட்டரி தீர்ந்துபோச்சுங்க" என்றது மேசை. "பிளக்கைப் பிடுங்கினா பழைய காலத்துக்குப் போயிடும். திங்கக்கிழமையே சொன்னேனே மேடம்."

தேதி கைவிட்டது. கடிதத்தைத்தான் படித்தாக வேண்டும். நான் திரையருகே போனேன். மெட்டு அங்கே ஒரு நீளமான பெட்டிக்குள் சின்னச் சின்னச் செங்கற்களாக இருந்தது. ஒரு செங்கல் என்றால் ஒருமுறை கட்டை அழுத்தியது. கீழ்க்கட்டை கீழே, மேல்கட்டை மேலே.

"இந்தப் பெட்டி ஏன் திடுதிப்புனு தொடங்குது?" என்று கேட்டேன். "முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

"கொஞ்சம் குப்பை இருந்துச்சு. ஓரத்தைப் பிடிச்சு இழுத்து வெட்டிட்டேன்" என்றார் அண்ணன். சொன்னபின் ஏன் சொன்னோம் என்பது போல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒயரக்கா, வெட்டினா போயிடுமா?"

உள்ளங்கால்கள் அசையவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் பதில் வந்தது. "போகாது சார். திரைச்சீலை மாதிரிதான். ஓரத்தைப் பிடிச்சுத் திரும்ப இழுத்தா தெரியும்."

குண்டூசி பெட்டியின் இடப்பக்க ஓரத்தைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வந்தது. படிக்கட்டு. கீழ்மூலையிலிருந்து மேல்மூலை வரைக்கும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் அடுக்கிய செங்கல் படிக்கட்டு. நடுவே ஓரிடத்தில் மட்டும் படி இல்லை. அந்த இடத்தில் நாலைந்து படி அகலத்துக்கு வெறுமை. பிறகு மறுபடி படிகள் ஏறின.

நான் எண்ணினேன். அறுபது.

"வலப்பக்கமும் இழுங்க."

இழுத்தார். மெட்டு முடிந்து வெகுதூரம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் போல மௌனம். அதன்பின் மூன்றே மூன்று செங்கற்கள். மூன்றும் ஒரே உயரத்தில். படிக்கட்டில் காணாமல்போன அந்தப் படியின் உயரம்.

மணி நாலு. நான் பேனாக் குவளையிலிருந்து பொத்தானை எடுத்தேன். அண்ணனின் நீலச் சட்டையில் மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது.

"அப்பவே பார்த்தேன் சார், என் பங்காளி ஒருத்தன் அங்க தொங்கறான்" என்றார் குண்டூசி.

"இது உங்களோடதா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை கீபோர்டைக் கட்டிப் பிடிச்சு மாடிக்குத் தூக்கிட்டு வந்தப்ப அறுந்திருக்கும். இது எனக்கு ராசியான சட்டை, அதான் திரும்பப் போட்டிருக்கேன். பொத்தானைத் தேடாத இடமில்ல. குவளைக்குள்ள எப்படிப் போச்சு?"

"குவளைக்குள்ள போறதுக்கு முன்னாடி கட்டைக்கு அடியில போச்சு" என்றேன். "நடு ஸ்தாயி காந்தாரக் கட்டைக்கு அடியில. அடியில பொத்தான் இருந்தா கட்டை முழுசா இறங்காது. இறங்கலைன்னா கம்ப்யூட்டருக்குச் சேதி போகாது. ஊமைக் கட்டை. படிக்கட்டுல இல்லாத படி அதுதான். ஒருத்தர் எல்லாக் கட்டையையும் வரிசையா அழுத்திட்டு வந்திருக்கார். இந்தக் கட்டை பேசல. நாலைஞ்சு தடவை தட்டிப் பார்த்திருக்கார். அந்த வெறுமைதான் இது. பிறகு மேல போய் முடிச்சிருக்கார். அதுக்கப்புறம் மெட்டு. மெட்டுலயும் அந்தக் கட்டை இல்ல, ஏன்னா அது பேசாதுன்னு அவருக்குத் தெரியும். மேல் ஸ்தாயி காந்தாரம் பேசும், அதனால அங்க தாராளமா வாசிச்சிருக்கார். துறவும் இல்ல, ஏக்கமும் இல்ல. பொத்தான்."

வலப்பக்கத்து மூன்று செங்கற்களைக் காட்டினேன்.

"மெட்டு முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் மௌனம். பொத்தானை நெம்பி எடுத்துக் குவளையில போட்ட நேரம். பிறகு மூணு தடவை டிங், டிங், டிங். கட்டை பேசுது. வேலை முடிஞ்சுது. இதெல்லாம் ஒரே பதிவு. திங்கட்கிழமை காலைல கீபோர்டை மாட்டினப்ப நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கட்டை சரியாயிடுச்சு. செவ்வாய் காலைலயும் சரியாத்தான் இருந்துச்சு. அப்ப வாசிச்சவங்களுக்கு அதைத் தாண்டிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்ல."

"அப்ப..." மேனேஜரம்மா அண்ணனைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமே இல்லையா?"

அண்ணன்தான் முதலில் உடைந்தார். "மாப்ள போட்டு வச்சிருக்கார்னு நெனச்சேன். முன்னாடி இருந்த படிக்கட்டு அவர் விரல் பழகறதுன்னு நெனச்சு வெட்டிட்டேன். மெட்டு ரொம்ப நல்லா இருந்துச்சா... அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டா..."

கணவர் சோபாவின் கைப்பிடியிலிருந்து எழுந்தேவிட்டார். "நீங்க போடலையா மச்சான்? நீங்க போட்டதுன்னுதானே நான்..."

நிறுத்திக்கொண்டார். தாமதம்தான்.

"அடடா!" என்று குண்டூசி கையைத் தட்டினார். "அவர் இவர்கிட்ட திருடறதா நெனச்சார். இவர் அவர்கிட்ட திருடறதா நெனச்சார். அதான் ரெண்டு பேரும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி மரியாதையா பேசிக்கிட்டிருந்தாங்க. பொருளுக்குச் சொந்தக்காரங்க யாருன்னு ரெண்டு திருடங்களுக்கும் தெரியல!"

"யாரு அந்தச் சொந்தக்காரங்க?" என்றார் மேனேஜரம்மா. அவர் குரலில் கோபமும் நிம்மதியும் சரிபாதியாக இருந்தன.

"இந்த அறையில இன்னிக்கு ஒருத்தர் அறுபத்தொரு கட்டையையும் வரிசையா அழுத்தினார்" என்றேன். "திங்கட்கிழமை இங்க வந்து போனவரும் அவர்தான். பொத்தானை நெம்பி எடுக்க ஸ்க்ரூ டிரைவரைக் காதுலயே வச்சிருக்கறவர் அவர் ஒருத்தர்தான். மெட்டைக் கேட்டதும் தலையை இடிச்சுக்கிட்டவரும் அவர்தான். நான் நாற்காலியில இருந்தவங்களை மட்டும் எண்ணினது தப்பு."

உள்ளங்கால்கள் மெதுவாக உள்ளே போயின. மறுபக்கத்தில் ஒரு தலை எழுந்தது. நெற்றியில் சின்னதாக ஒரு புடைப்பு.

"மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றார் ஒயரக்கா. முகம் சிவந்திருந்தது. "உங்க கம்ப்யூட்டர்ல என் குப்பையை விட்டுட்டுப் போயிட்டேன். எப்பவும் அழிச்சுடுவேன். அன்னிக்குக் கடையிலிருந்து போன் வந்துச்சா, ஓடிட்டேன்."

"குப்பையா?" என்றார் மேனேஜரம்மா.

"மாட்டின ஒயர் வேலை செய்யுதான்னு பார்க்க, கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற சிவப்புப் பொத்தானை அழுத்திட்டு ஏதாவது வாசிப்பேன். அன்னிக்கு அந்தக் கட்டை ஊமையா இருந்துச்சு. சரி, இது இல்லாம என்ன வாசிக்க முடியும்னு ஒரு வேடிக்கைக்குப் பார்த்தேன். அப்புறமாத்தான் நெம்பி எடுத்தேன்."

"இந்த மாதிரி எத்தனை இடத்துல வாசிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"போற இடத்துலயெல்லாம் சார். மாட்டினா வாசிப்பேன். வாசிச்சா அழிப்பேன்."

"சொந்தமா கீபோர்டு இருக்கா?"

"எதுக்கு? அதான் அடுத்தவங்க கீபோர்டு இவ்ளோ இருக்கே."

குண்டூசி வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவரோடு வேலை செய்யும் ஆறு வருடத்தில் இது முதல் தடவை. அழிந்துபோன மெட்டுகளை அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு சொன்னார்.

மேனேஜரம்மா கடிதத்தையும் பேனாவையும் மேசையின் குறுக்கே தள்ளினார். "எழுதுங்க."

"என் பேரா? வேணாம் மேடம்." ஒயரக்கா ஓரடி பின்வாங்கினார். "இந்தத் தெருவுல எனக்கு நீங்கதான் பெரிய வாடிக்கை. சார் ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டா? 'இவ மெட்டுப் போடப் போயிட்டா, ஒயர் போட வர மாட்டா'ன்னு ஊரே சொல்லாதா? சார் பேரையே போட்டுடுங்க. யாராவது ஒரு சார்."

"யாராவது ஒரு சாரா?" மேனேஜரம்மா நிமிர்ந்தார். "ரெண்டு நாளா இந்த ரெண்டு சாருக்கும் நடுவுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னிக்குத்தான் ரெண்டு பேரையும் ஒரே தராசுல நிறுத்துத் திட்டற பாக்கியம் கிடைச்சிருக்கு. அதைக் கெடுக்காதீங்க. அண்ணே, நீங்க கோவிச்சுக்குவீங்களா?"

"எனக்கென்ன கோபம்?" என்றார் அண்ணன் தாடிக்குள்ளிருந்து. "மாப்ளைக்கு வேணா இருக்கலாம்."

"எனக்கா? மச்சானுக்கே இல்லாதப்ப எனக்கென்ன?"

"பார்த்தீங்களா? மறுபடியும் மரியாதை வந்துடுச்சு" என்று குண்டூசி பழைய நிலைக்குத் திரும்பினார்.

ஒயரக்கா பேனாவை எடுத்தார். எடுத்தவர் கடிதத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தார். "ஒரு சந்தேகம் மேடம். வானொலியில போடப்போறாங்க. அந்த இடத்துல நியாயமா காந்தாரம் வரணும். அன்னிக்குக் கட்டை பேசல, விட்டேன். இப்ப பேசுது. சேர்த்துடட்டுமா?"

யாரும் பதில் சொல்லுமுன் அவர் விரல்கள் கட்டைகளின்மேல் இருந்தன. சற்றுமுன் ஒற்றை விரலால் குத்திக்கொண்டு போனவரா இவர் என்று தோன்றியது. மெட்டு தொடங்கி, ஏறி, அந்தப் படிக்கு வந்தது. இந்தத் தடவை படி இருந்தது. அழகாகக் கால் வைத்துத் தாண்டிப் போனது. இலக்கணச் சுத்தமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஒன்றும் சிரிக்கவில்லை.

முதலில் தலையை ஆட்டி மறுத்தவர்கள் அண்ணனும் கணவரும்தான். இருவரும் ஒரே மூச்சில் "வேணாம்" என்றார்கள். இம்முறை அது உண்மை.

ஒயரக்கா சிரித்துவிட்டார். "அதானே. ஊமையாவே இருக்கட்டும்."

உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அந்த ஓர் அங்குல வெறுமையில் தன் பெயரை எழுதினார். இடம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்துகள் வரம்பு தாண்டி அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்தன. மேனேஜரம்மா கீழே கையெழுத்துப் போட்டார். சாட்சி என்று அண்ணனும் கணவரும் போட்டார்கள். யார் முதலில் என்று சண்டை வரவில்லை. இருவரும் "நீங்க போடுங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றதில்தான் இரண்டு நிமிடம் வீணாயிற்று.

"அடுத்த மாசம் முழுக்க ஒயர் சுத்தறது உங்க வேலை" என்றார் மேனேஜரம்மா அவர்களிடம். "ரெண்டு பேரும் சேர்ந்து. ஒரே ஒயரை."

நான் கடிதத்தை மூன்றாக மடித்தேன். உறைக்குள் வைக்குமுன் என் குறிப்பேட்டைத் திறந்து, முதல் பக்கத்திலுள்ள வரிசையில் ஐந்தாவது ஆளுக்கு மேலே ஒரு கோடு போட்டு இடம் பண்ணி, 'மேசைக்கு அடியில், இசையமைப்பாளர்' என்று சேர்த்தேன். 'ஐந்து பேர்' என்பதை அடித்து 'ஆறு' என்று திருத்தினேன்.

உறையின் விளிம்பில் பசை தடவியது குண்டூசி. "சார், எச்சில் தொட்டு ஒட்டற வேலை எனக்கு வேணாம். என் நாக்குக்கு வேற வேலை இருக்கு." விளிம்பை மடித்து அழுத்தியது ஒயரக்கா. ஒற்றை விரலால், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரைக்கும், ஓரிடத்தையும் விடாமல் அழுத்தினார்.

மணி நாலு இருபத்தைந்து. குண்டூசி உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒயரக்காவின் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். அண்ணனும் கணவரும் ஒரே ஜன்னலில் தலை நீட்டிப் பார்த்தார்கள். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போது ஒயரக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. புது மெட்டாக இருக்கலாம். அதை அழிக்க இனி யாரும் விடப்போவதில்லை.